டீசல் எஞ்சினும் மலைப்பாதையும்

கோடை விடுமுறை வந்தால் நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிப்பேர் ஊருக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அவர்களில் கம்பம், போடி, மூணாறு, பீர்மேடு என்று மலையடிவாரத்துக்கும் மலைக்கும் போகிறவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். நானும் பாலக்காட்டுக்காரன்தான். இரயில்வேயில் டீசல் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். டீசல் எஞ்சினைப் பற்றி எல்லோருக்கும் புரியும்படி எழுதித் தாருங்கள் என்று இதழ்க் குழுவினர் கேட்டார்கள். வெறும் பாடமாக எழுதினால் படிக்க மாட்டீர்கள் என்று தோன்றியது. ஆகவே போடிமெட்டுச் சாலையில் நீங்கள் ஏறி இறங்கும் ஜீப்பை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் பம்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நாலு தடவை வேகமாக அடித்தால் அடிப்பாகம் சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். டீசல் எஞ்சினின் சூட்சுமம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைச் சிலிண்டருக்குள் விட்டு, பத்தில் ஒரு பங்காக அமுக்கி, ஸ்பார்க் பிளக் கொடுக்கும் தீப்பொறியால் பற்ற வைக்கிறோம். டீசலில் தீப்பொறி கிடையாது. வெறும் காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதைப் பதினெட்டில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று மிகக் கடுமையாக அமுக்குகிறோம். காற்றின் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிவிடும். அந்தச் சமயத்தில் டீசலைப் பனிபோல் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரீஸில் பிறந்த ஜெர்மானியர். மியூனிக்கில் படித்தபோது குளிர்சாதனத் துறையின் முன்னோடியான லிண்டே இவருக்கு ஆசிரியர். மலாய் நாட்டுப் பக்கம் ஒரு சிறிய குழலுக்குள் தண்டைப் படாரென்று அடித்து, உள்ளே வைத்த பஞ்சு போன்ற பொருளைப் பற்றவைக்கும் பழக்கம் உண்டு. அந்தத் தீக்குழலைக் கண்டதுதான் இவருக்கு யோசனை தந்தது என்று சொல்வார்கள். 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆக்ஸ்பர்க் நகரில் பல வருடம் போராடி 1897-ல் ஓடச் செய்த எஞ்சின், எரிபொருளின் சக்தியில் 26 சதவிகிதத்தை வேலையாக மாற்றியது. அக்காலத்து நல்ல நீராவி எஞ்சின்கள் பத்து, பன்னிரண்டு சதவிகிதத்தில் நின்றிருந்தன. நம் கரி எஞ்சின்களோ ஆறு, ஏழு சதவிகிதந்தான். பாக்கியெல்லாம் புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போய்விடும். 1913 செப்டம்பர் மாதம் 29-ந் தேதி இரவு இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த டீசல் காணாமற்போனார். கடலில் விழுந்தாரா, குதித்தாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

இனி எஞ்சினுக்குள் நடப்பதைப் பார்ப்போம். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. மேலே ஏறும்போது அமுக்குகிறது. உச்சிக்கு வரும் தறுவாயில் டீசல் பீச்சப்படுகிறது. அது எரிந்து விரிவடைந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இந்த ஒரு தள்ளல்தான் நமக்குக் கிடைக்கும் வேலை. மீண்டும் மேலே ஏறும்போது புகை வெளியேறுகிறது. உறிஞ்சல், அமுக்கம், ஆற்றல், வெளியேற்றம் என்று நான்கு வீச்சுகள். ஆகையால் இதற்கு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் என்று பெயர்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பெட்ரோல் கார்பரேட்டரில் காற்று வரும் வழியை மூடித் திறக்கும் தகடு ஒன்று உண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது திறக்கும், விட்டால் மூடும். பழைய டீசல் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் அந்தத் தகடே கிடையாது. காற்று எப்போதும் தாராளமாக உள்ளே போகும். நீங்கள் மிதிக்கும்போது கூடுவதும் விடும்போது குறைவதும் டீசலின் அளவு மட்டுமே. அந்த அளவைக் கண்காணிக்கும் காவற்காரனுக்கு கவர்னர் என்று பெயர். எஞ்சின் வேகம் வேண்டியதற்குக் குறைந்தால் டீசலைக் கூட்டுவான், அதிகமானால் குறைப்பான், அறவே நிறுத்தவும் செய்வான்.

சரி, வகைகள் எத்தனை என்று கேட்டால் யாராலும் முழுப் பட்டியல் தர முடியாது. நம் பக்கத்தில் கண்ணில் படுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது வயல் எஞ்சின். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மின்சாரம் எட்டாத கிணறுகளில் ஒற்றைச் சிலிண்டர் கிர்லோஸ்கர் எஞ்சின் டுக், டுக் என்று ஓடியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் கனமான சக்கரம் ஒன்று சுற்றும். நான்கு வீச்சில் ஒன்றுதானே தள்ளுகிறது? மீதி மூன்றுக்கும் வேண்டிய வேகத்தைச் சேமித்து வைப்பது அந்தச் சக்கரம். கைப்பிடி போட்டுச் சுற்றும்போது தலையில் உள்ள ஒரு சிறு நெம்புகோலைத் தூக்கிப் பிடிப்பார்கள். அது வால்வைத் திறந்து வைக்கும், அமுக்கம் இராது, சுற்றுவது சுலபம். நல்ல வேகம் வந்ததும் நெம்புகோலை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமுக்கம் என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை.

இரண்டாவது ஜீப். மஹிந்திரா நிறுவனம் 1947 முதலே வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்றது. பிற்காலத்தில் வந்த டீசல் ஜீப்புகளில் பெருவாரியாக இருந்தது பிரான்சு நாட்டுப் பியூஜோ எஞ்சின். நான்கு சிலிண்டர், 2.1 லிட்டர் கொள்ளளவு. இதில் டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சுவதில்லை. பக்கத்தில் உள்ள ஒரு சிறிய அறையில் பீச்சி, அங்கே பற்றவைத்து, தீயைச் சிலிண்டருக்கு அனுப்புகிறார்கள். சத்தம் குறைவு, ஓட்டம் மென்மை. ஆனால் அந்த அறையின் சுவர் வெப்பத்தைக் குடித்துவிடும். மூணாற்றில் ஜனவரி மாதம் புல்லின் மேல் உறைபனி கிடக்கும் காலையில் இந்த ஜீப்புகள் படுத்தும் பாடு ஊரறிந்தது. ஆகையால்தான் அந்த அறைக்குள் குளோ பிளக் என்ற மின்சூட்டுக் கம்பியை வைத்திருக்கிறார்கள். சாவியை அரைச் சுற்றுத் திருகிச் சற்றே காத்திருப்பது அது சூடேறத்தான். அவசரப்படக் கூடாது.

பின்னர் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீச்சும் எஞ்சின்கள் ஜீப்புக்கும் வந்தன. வண்டியின் பெயரோடு டி.ஐ. என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதன் பொருள் இதுதான். இவை அதிகச் சத்தம் போடும், ஆனால் நூறு ரூபாய் டீசலில் பத்து ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடிக்கும். இப்போதைய வண்டிகளில் உள்ளது காமன் ரெயில் முறை. நம் இரயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரு தடித்த குழாயில் டீசலை ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலாகச் சேமித்து வைத்து, கம்ப்யூட்டர் சொல்லும் கணத்தில், சொல்லும் அளவுக்கு, ஒரே வீச்சில் பல தவணைகளாகப் பீச்சுகிறார்கள். பழைய டீசலின் கடகட ஓசை போனதற்கு இதுவே காரணம்.

மலையில் வேறொரு தொல்லையும் உண்டு. மூணாறு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1500 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டீசல் பழைய அளவில் பீச்சப்படுகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. எரியாத கரி கறும்புகையாக வருகிறது. ஏற்றத்தில் பழைய லாரிகள் கக்கும் கறும்புகையில் ஒரு பகுதிக்கு மலைதான் பொறுப்பு, மெக்கானிக் அல்ல. இதைச் சரிக்கட்டுவது டர்போ. வெளியே போகும் புகையின் வேகத்தால் ஒரு விசிறியைச் சுற்றவைத்து, அதன் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறியால் காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிறார்கள். வீணாகப் போவதை வைத்தே வேலை வாங்கும் கெட்டிக்காரத்தனம்.

புகையின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது, பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும். காலையில் கொஞ்ச நேரம் வெள்ளை வந்தால் பரவாயில்லை. எஞ்சின் சூடான பிறகும் விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த நிறமானாலும் சுவாசிக்க ஏற்றதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. ஜெனரேட்டரைத் திண்ணையிலோ மாடிப்படிக்குக் கீழோ வைத்து ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி என் சொந்த வீட்டுக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாலக்காடு வழியாகப் போன அகலப் பாதை வண்டிகளை இழுத்தது பெரும்பாலும் டபிள்யு.டி.எம்.2 என்ற எஞ்சின். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்தது. 1962-ல் அங்கிருந்து வந்தது, 1964-லிருந்து வாரணாசியிலேயே செய்தார்கள். 2600 குதிரைசக்தி, ஆங்கில வி எழுத்துப் போல் சாய்த்து நிறுத்திய 16 சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் 9 அங்குல விட்டம், பிஸ்டன் ஓடும் தூரம் பத்தரை அங்குலம். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டர் 11 லிட்டர். மொத்தத்தில் எண்பது ஜீப் எஞ்சின்களை ஒன்றாகக் கட்டியது போல. ஆனால் ஜீப் எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுவரை சுற்றும், இது ஆயிரத்தைத் தாண்டாது. சும்மா நிற்கும்போது 400.

பாலக்காட்டிலிருந்து புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை வழியாகப் பொள்ளாச்சிக்குப் போன மீட்டர் பாதையிலும், மதுரை-போடி பாதையிலும் ஓடியது இதன் தம்பி, ஒய்.டி.எம்.4. அதே குடும்பத்து எஞ்சின், ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்கும். போடிப் பாதை 1928-ல் வந்தது. ஏலக்காய் மலைக்கு மிக அருகே போன இரயில் அதுதான். மீட்டர் பாதையை 2010 இறுதியில் மூடி, அகலப் பாதையாக்கி, 2023-ல்தான் மீண்டும் போடிக்கு வண்டி வந்தது. பொள்ளாச்சிப் பாதை 2015-ல் அகலமாயிற்று. மலை உச்சியிலேயே மூணாற்றுக்கும் ஒரு சிறு இரயில் இருந்தது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. தேயிலை ஏற்றிச் சென்ற அந்தக் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிற்று. அது நீராவிக் காலம். டீசல் வரை அது பிழைத்திருந்தால் நான் அங்கேதான் மாற்றல் கேட்டிருப்பேன்.

இரயில் எஞ்சினைத் துவக்க ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. பேட்டரியிலிருந்து மின்சாரத்தைப் பெரிய ஜெனரேட்டருக்குள் அனுப்பினால் அதுவே மோட்டாராகிச் சுற்றித் தரும். ஜெனரேட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். டீசல் எஞ்சினால் நின்ற நிலையிலிருந்து எதையும் இழுக்க முடியாது. முதலில் தானே சுற்ற வேண்டும், பிறகுதான் வலு. ஜீப்பில் இதற்குத்தான் கிளச்சும் கியரும். இரண்டாயிரம் டன் கூட்ஸ் வண்டியை இழுக்கக் கிளச் போட்டால் அது ஒரு நாளில் கரியாகிவிடும். ஆகவே டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது, அந்த மின்சாரம் அச்சுகளில் உள்ள ஆறு மோட்டார்களைச் சுற்றுகிறது. டீசல் எஞ்சின் என்று நாம் சொல்வது உண்மையில் தன் மின்நிலையத்தைத் தானே சுமந்து போகும் மின்சார எஞ்சின்.

1990-களின் இறுதியில் வேறொரு இனம் வந்தது. டபிள்யு.டி.ஜி.4 முதலிய இவை ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைத்தவை, 4000 குதிரைசக்தி. இவை டூ ஸ்ட்ரோக். பிஸ்டன் கீழே வரும்போது சிலிண்டர்ச் சுவரில் உள்ள துவாரங்கள் திறந்து, புதுக்காற்று பாய்ந்து, பழைய புகையைத் தலையிலுள்ள வால்வுகள் வழியே வெளியே தள்ளிவிடும். உறிஞ்சலுக்கும் வெளியேற்றத்துக்கும் தனி வீச்சு வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தள்ளல் கிடைக்கும். ஸ்கூட்டர் டூ ஸ்ட்ரோக்கைப் போல் எண்ணெய் கலக்கும் வேலை இதில் கிடையாது. ஆல்கோவா, ஜி.எம்.மா எது நல்லது என்று ஷெட்டில் டீ குடிக்கும்போதெல்லாம் சண்டை நடக்கும். டீசல் சிக்கனத்தில் ஜி.எம். வென்றுவிட்டது. ஆனால் ஆல்கோவின் ஓசைக்கு இணையில்லை என்பது என் கட்சி. இப்போது பாலக்காடு வழியாகப் பிரதான வண்டிகள் யாவும் மின்சாரத்தில் ஓடுகின்றன, வாரணாசித் தொழிற்சாலையும் மின்சார எஞ்சின்களுக்கு மாறிவிட்டது.

ஷெட்டில் எஞ்சின் ஆயிலைக் குறித்த நாளில் சிறிதளவு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். இரும்பு, செம்பு, ஈயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். மனிதருக்கு இரத்தப் பரிசோதனை மாதிரி. எந்த பேரிங் தேய்கிறது என்பது திறக்காமலே தெரிந்துவிடும். ஜீப்புக்கு ஆய்வகம் கிடையாது. ஆயில் குச்சியை உருவி விரலால் தொட்டுப் பாருங்கள். பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர், நீர்த்துப் போய் டீசல் வாசம் வந்தால் டீசல் இறங்குகிறது. இரண்டிலும் வண்டியை எடுக்காதீர்கள்.

மலைக்கு வருவோம். இரயிலில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். பம்பாய்ப் பக்கம் போர் கணவாயில் 37 அடிக்கு ஓர் அடி என்று சரிவு. அங்கே வண்டி கட்டுமீறினால் திருப்பிவிட மேல்நோக்கிய தனித் தண்டவாளமே போட்டு வைத்திருக்கிறார்கள். சரிவில் டீசல் எஞ்சினுக்கு டைனமிக் பிரேக் என்று ஒரு வசதி உண்டு. சக்கரத்தைச் சுற்றிய மோட்டார்களையே ஜெனரேட்டராக மாற்றிவிடுவோம். வண்டியின் வேகம் மின்சாரமாகி, கூரையிலுள்ள தடைக்கம்பிகளில் வெப்பமாகிக் காற்றில் போய்விடும். பிரேக் கட்டைகள் சூடேறாமல், அவசரத்துக்கென்று பத்திரமாக இருக்கும்.

ஜீப்பில் அதற்கு ஈடு கியர். இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி இருக்கிறது. ஏலத்தோட்ட வேலைக்காகத் தேனி மாவட்டத்திலிருந்து நம் சனங்கள், அதிலும் பெண்கள், விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியே இடுக்கிக்குப் போய், பொழுது சாயும்போது இறங்குகிறார்கள். ஏழெட்டுப் பேர் உட்கார வேண்டியதில் பதினைந்து பேர். இறங்கும்போது சில ஓட்டுநர்கள் கியரை நியூட்ரலில் போட்டுவிடுகிறார்கள், சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். கேட்டால் டீசல் மிச்சம் என்பார்கள்.

மிச்சமா என்று கணக்குப் பார்ப்போம். கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றுகின்றன. வேகம் போதுமானது என்று கவர்னர் கண்டுகொண்டு டீசலை முழுவதும் நிறுத்திவிடுகிறது. அப்போது ஒரு சொட்டுக்கூடச் செலவில்லை. நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் வேண்டும், ஜீப்புக்கு மணிக்கு அரை லிட்டர் அளவில் ஆகும். ஆக நியூட்ரலில்தான் செலவு அதிகம். எஞ்சினை அணைத்தவருக்கும் பூஜ்யம், கியரில் இறங்கியவருக்கும் பூஜ்யம். உயிரைப் பணயம் வைத்துச் சேமித்தது ஒன்றுமில்லை.

போடிமெட்டிலிருந்து அடிவாரத்துக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் ஏறத்தாழ 900 மீட்டர். ஆட்களோடு 2500 கிலோ எடையுள்ள ஜீப் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தியைக் கொண்டு 75 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு கல்யாணத்து வெந்நீர் அண்டா. நியூட்ரலில் இறங்கினால் இதில் பெரும்பகுதி வெப்பமும் நான்கு பிரேக் டிரம்களுக்குள் போகிறது. டிரம் காய்ந்தால் லைனிங் பிடிப்பை இழக்கும். இன்னும் காய்ந்தால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. அந்த வேகத்தில் கியரைப் போட முயன்றாலும் விழாது.

எஞ்சினை அணைப்பது இன்னும் மோசம். காற்று வழியில் தகடு இல்லை என்று முன்னே சொன்னேன் அல்லவா? அதனால் பெட்ரோல் வண்டிபோல் டீசலில் தானாக வெற்றிடம் கிடைக்காது. பிரேக்குக்கு உதவும் பூஸ்டருக்காகத் தனியாக வாக்குவம் பம்பு, பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் பின்னால், வைத்திருக்கிறார்கள். எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் இறுகிவிடும்.

அதே தகடு இல்லாத காரணத்தால் டீசலின் எஞ்சின் பிரேக் பெட்ரோலைவிடச் சற்றுப் பலவீனம்தான். அமுக்கிய காற்று சுருள்வில்போல் திருப்பித் தள்ளிவிடுகிறது. கனரக லாரிகளிலும் பஸ்களிலும் புகைக்குழாயை அடைத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பது இதற்காகவே. வளைவுக்கு முன் லாரியில் புஸ்ஸென்று கேட்கும் ஓசைகளில் அதுவும் ஒன்று. ஜீப்பில் அது இல்லாததால் இன்னும் தாழ்ந்த கியராகப் போட வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது சரியான கணக்கு. கியரைச் சரிவு தொடங்குமுன்பே, மேட்டிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். பிரேக்கை மேலோட்டமாக நெடுநேரம் அழுத்திக்கொண்டே வராமல், அழுத்தமாக ஒரு தடவை மிதித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆறவிட வேண்டும்.

நீங்கள் பயணியாக உட்கார்ந்திருக்கும்போதும் இது தெரியும். கியரில் இறங்கும் வண்டியில் எஞ்சின் உறுமிக்கொண்டே வரும். இறக்கத்தில் திடீரென்று அமைதியாகிவிட்டால், தம்பி, கியர் போட்டு வாங்க என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். கருகிய வாடை வந்தால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். எல்லோரும் மலைப்பக்கமாக இறங்கி, சக்கரத்துக்குப் பின்னும் முன்னும் கல்லை வைத்து, அரைமணி நேரமாவது ஆறவிட வேண்டும். சூடான டிரம்மின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். அந்த அரைமணியில் எஞ்சினை அணைத்துவிடலாம். கியரை ரிவர்ஸில் போட்டு வையுங்கள்.